உடன் வசிப்பவர் மட்டுமே தெரிவிக்கலாம்

மருத்துவமனையின் மூன்றாவது மாடியில் இருந்த பாதுகாப்பான பயன்பாட்டுப் பிரிவு, கவனக் குறைபாடு உள்ளவர்களுக்குக் கொடுக்கப்படும் மாத்திரையைக் கண்காணிப்பதற்காக உண்டானது. மாத்திரையைக் கண்காணிப்பதில் அது எந்தக் குறையும் வைக்கவில்லை. எத்தனை வந்தது, எத்தனை போனது, காலி அட்டை திரும்பி வந்ததா, அட்டையைக் கையால் பிய்த்தார்களா பல்லால் பிய்த்தார்களா என்பதுவரை அங்கே தெரியும். மாத்திரை உள்ளே போன பிறகு என்ன ஆகிறது என்பதற்குத் தனியாக ஒரு விதி இருந்தது. அதைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார்கள்.

"பக்கவிளைவுகளை நோயாளி தெரிவிக்கக் கூடாது. உடன் வசிப்பவர் மட்டுமே தெரிவிக்கலாம்."

விதிக்கு ஒரு வரலாறு இருந்தது. முன்பு ஒரு நோயாளி தலைவலி என்று புகார் கொடுத்தார். மாத்திரையை மாற்றி, குழு கூடி, ஆராய்ந்து முடித்த பிறகு, அவர் தம்பியின் மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு அலைந்தது தெரியவந்தது. கண்டுபிடித்தது கூடவே இருந்த தம்பிதான். அன்றிலிருந்து அந்தப் பிரிவில் தம்பிகளின் மதிப்பு கூடிவிட்டது.

புதிதாகச் சேர்ந்த நோயாளிகளுக்கான முதல் வகுப்பில் பிரிவுத் தலைவரே வந்து இதை விளக்கினார்.

"நம்ம நோயாளிகளுக்கு என்ன குறை? கவனிக்க முடியாது. வெளியில நடக்கறதையே கவனிக்க முடியாதவங்க, உள்ள நடக்கறதை எப்படிக் கவனிப்பாங்க? அவங்க சொல்றதை நம்பி நாம ஒண்ணு செஞ்சா அது அவங்களுக்குச் செய்யற துரோகம். உங்களை நாங்க மதிக்கிறோம். அதனாலதான் உங்களைக் கேக்கறதில்ல."

எல்லோரும் கைதட்டினார்கள். பின்வரிசையில் உட்கார்ந்திருந்தவளும் தட்டினாள். அந்த நாற்காலிக்காக அவள் ஒரு வருடத்துக்கு மேல் காத்திருந்தாள்.

அவள் ஒரு விதைப் பரிசோதனைக் கூடத்தில் முளை எண்ணுகிறவள். தட்டில் விரித்த ஈரத்தாளில் விதைகளைப் பரப்பி, தாள் காயாமல் பார்த்துக்கொண்டு, நன்றாக முளைத்தது எத்தனை, கோணலாக முளைத்தது எத்தனை, செத்தது எத்தனை என்று எண்ணி எழுத வேண்டும். அந்த எண்ணை வைத்துத்தான் மூட்டையில் சீட்டு ஒட்டுவார்கள். பாதித் தட்டைத் தாண்டும்போது ஜன்னலுக்கு வெளியே ஒரு லாரி பின்பக்கமாக வரும். அவள் மனம் அதில் ஏறிக்கொண்டு போய்விடும். இறங்கித் திரும்பி வந்து முதலிலிருந்து எண்ணுவாள். கண்காணிப்பாளர் இரண்டு முறை எச்சரித்திருந்தார். ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பது இந்த வருடத்து எண்ணிக்கைகளைப் பொறுத்தது என்று மூன்றாவது முறை சொன்னபோது, இது எச்சரிக்கை இல்லை, தகவல் என்றார்.

மாத்திரை தொடங்கிய முதல் வாரத்தில் ஒரு தட்டை நடுவில் விடாமல் எண்ணி முடித்தாள். முடித்துவிட்டாள் என்பது கை கழுவும்போதுதான் உறைத்தது. யாரிடமாவது சொல்லலாம் என்று திரும்பிப் பார்த்தாள். பக்கத்து மேசைக்காரர் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு தன் தட்டில் குனிந்திருந்தார். அவள் அடுத்த தட்டை எடுத்துக்கொண்டாள்.

அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டித் தகுந்த இடத்தில் நிறுத்துவது வழக்கமாம். இரண்டாவது சந்திப்பில் டாக்டர் கூட்டினார். அதற்குப் பிறகுதான் இதயம் தன் இருப்பைச் சொல்ல ஆரம்பித்தது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் மாடி ஏறி வந்ததுபோல அடித்தது. இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் தலையணைக்குள் கேட்டது. பசி என்பது மற்றவர்களுக்கு வரும் ஒன்றாகிவிட்டது. மதியம் சாப்பாட்டுக்குப் பதில் காபி குடித்தாள். அதற்கு மெல்ல வேண்டியதில்லை.

அவள் பதிவு மேசைக்குப் போனாள். அங்கே இருந்தவர் நடுவயதுக்காரர், சாந்தமானவர், எழுதுவதற்கு முன் பேனா முனையை ஒருமுறை துடைத்துக்கொள்கிறவர்.

"கூட யார் இருக்காங்கம்மா?"

"யாரும் இல்ல. தனியாத்தான் இருக்கேன்."

"அப்ப படபடப்பை யார் பாத்தது?"

"எனக்குத்தான் படபடன்னு வருது."

"வருது சரி. பாத்தது யாரு?"

அவள் யோசித்தாள். யோசிக்க யோசிக்க, யாருமே பார்க்கவில்லை என்பது அவளுக்கும் உறுதியாகத் தெரிந்தது. அவர் வருத்தத்தோடு பேனாவை மூடினார். டாக்டரிடம் நேரே சொல்லலாமா என்று கேட்டாள். சொல்லலாம், ஆனால் அடுத்த சந்திப்புக்கு இன்னும் நாள் இருக்கிறது, அப்போதும் டாக்டர் இந்த மேசையிலிருந்து போகும் தாளைத்தான் பார்ப்பார், நோயாளி வாய்மொழியாகச் சொல்வதைக் கேட்டு மனம் மாறிவிடக் கூடாது என்று அவரைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்றார். வேண்டுமென்றால் கையேட்டைப் படிக்கச் சொன்னார்.

கையேட்டில் நல்ல விஷயங்கள் இருந்தன. மாத்திரையை யாருக்கும் கொடுக்காதே, ஒரு வேளை விட்டுப்போனால் மறுநாள் இரண்டாகப் போடாதே, நீயாகக் கூட்டாதே, நீயாகக் குறைக்காதே, நீயாக நிறுத்தாதே. எல்லாம் நியாயமானவை. கடைசிப் பக்கத்தில், அச்சகத்தின் முகவரிக்கு மேல், நெஞ்சுவலி, மயக்கம், கடுமையான படபடப்பு என்றால் உடனே அவசர சிகிச்சைக்குப் போ என்று பொடி எழுத்தில் இருந்தது. அவளுக்கு வலி இல்லை. மயக்கம் இல்லை. படபடப்பு கடுமையானதா என்று யாரைக் கேட்பது என்று தெரியவில்லை.

நடுப்பக்கங்கள் முழுவதும் பெட்டியைப் பற்றியவை. மாத்திரையை இரண்டு பூட்டு உள்ள பெட்டியில் வைக்க வேண்டும். ஒரு சாவி நோயாளியிடம், ஒரு சாவி உடன் வசிப்பவரிடம். ஒரே ஆளிடம் இரண்டு சாவியும் இருந்தால் அது பூட்டே இல்லை என்பது பிரிவின் கருத்து. தனியாக வசிக்கிறவர்கள் என்ன செய்வது என்று அவள் வகுப்பில் கேட்டிருந்தாள். இரண்டாவது சாவியைத் தங்களுக்கே தெரியாத இடத்தில் ஒளித்து வைக்கும்படி ஆலோசகர் சொன்னார்.

"உங்களுக்கு அது சுலபம்தானே," என்றும் சேர்த்துக்கொண்டார். கேலி இல்லை. ஊக்கப்படுத்தினார்.

அவள் சொன்னபடி செய்தாள். ஒரு நாள் காலை சாவி நிஜமாகவே கிடைக்கவில்லை. எங்கே வைத்தோம் என்று யோசிக்க மாத்திரை தேவைப்பட்டது. மாத்திரையை எடுக்கச் சாவி தேவைப்பட்டது. இரண்டு நாள் கழித்துச் சர்க்கரை டப்பாவுக்குள்ளிருந்து சாவியை எடுத்தாள். அந்த இரண்டு நாளும் இதயம் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. மதியம் பசித்தது. ஒரு தட்டை மூன்று முறை எண்ணி மூன்று விடை எழுதினாள். கண்காணிப்பாளர் மூன்றையும் தனக்கு எதிரே வரிசையாக வைத்துக்கொண்டு, இதில் எது என்று கேட்டார்.

மூன்றாம் நாள் மாத்திரை போட்டாள். தட்டு சரியாக வந்தது. படபடப்பும் வந்தது.

அவள் விஞ்ஞானம் படித்தவள். இது போதுமான நிரூபணம் என்று நினைத்தாள். மாத்திரை இருந்தால் இருக்கிறது, இல்லாவிட்டால் இல்லை, மறுபடி கொடுத்தால் மறுபடி வருகிறது. பதிவு மேசைக்காரர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பரிசோதனை நன்றாக இருக்கிறது, ஆனால் நடத்தியது யார் என்று கேட்டார். நான்தான் என்றாள். நடத்தப்பட்டது யார் மீது என்றார். என் மீதுதான் என்றாள். கவனித்தது யார் என்றார். இரண்டு நாள் மாத்திரை விட்டுப்போனதை மட்டும் ஒழுங்கீனம் என்று எழுதிக்கொண்டார். ஒழுங்கீனத்தை நோயாளியே தெரிவிக்கலாம். அதற்குத் தடை இல்லை.

வேறு ஊரில் இருந்த அக்காவுக்குப் போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டுப் பதிவு மேசையின் மேல் வைத்தாள்.

"எங்க தங்கச்சிக்கு நெஞ்சு படபடங்குது சார்," என்றாள் அக்கா. "கொஞ்சம் பாருங்க."

"நீங்க பாத்தீங்களாம்மா?"

"அவ சொன்னா."

"அவங்க சொன்னதை அவங்களே சொல்லலாம்னா நீங்க எதுக்கும்மா?"

பின்னால் குழந்தைகள் ரிமோட்டுக்குச் சண்டை போடுவது கேட்டது. பிறகு அக்கா தங்கையிடம், "நீ சின்ன வயசுலேருந்தே எதுக்கெடுத்தாலும் படபடன்னுதானடி இருப்ப," என்றாள். அதை மட்டும் பதிவு மேசைக்காரர் எழுதிக்கொண்டார். மாத்திரைக்கு முன்பிருந்தே உள்ள படபடப்பு. அது ஒன்றுதான் அக்கா நேரில் பார்த்தது.

கண் கலங்கியதை யாரும் பார்க்காமல் இருக்க வராந்தா பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். பக்கத்தில் ஒரு தையல்காரரும் அவர் மனைவியும் இருந்தார்கள். மாத்திரை தையல்காரருக்கு. மனைவி மாதம் தவறாமல் வந்து புகார் சொல்கிறவர். எல்லாம் ஏற்கப்பட்டிருந்தன. சென்ற மாதம், சொல்லாமலே பாத்திரம் கழுவி வைக்கிறார் என்று அந்த அம்மாள் சந்தோஷமாகச் சொன்னதை, வழக்கத்துக்கு மாறான நடத்தை என்று எழுதி, இதயப் படம் எடுத்து, ரத்தப் பரிசோதனை செய்து, நரம்பு டாக்டரிடமும் அனுப்பியிருந்தார்கள்.

"எதுக்கும்மா அழுவற?" என்றார் அந்த அம்மாள்.

அவள் சொன்னாள். அந்த அம்மாள் கேட்காமலே அவள் முதுகில் கை வைத்தார். கொஞ்ச நேரம் கையை எடுக்கவில்லை.

"ஆமா, இடிக்குது," என்றார் கணவரிடம். "மிஷின் ஓடற மாதிரி இருக்கு. நீங்க வெச்சுப் பாக்காதீங்க, நான் சொல்றேன்ல."

நேரே மேசைக்குப் போய், இந்தப் பெண்ணுக்கு நெஞ்சு இடிக்கிறது, என் கையாலேயே பார்த்தேன் என்றார். மேசைக்காரர் மரியாதையாக எழுந்து நின்றார். ஒருவருக்கு ஒரு நோயாளிதான், உங்கள் நோயாளி அதோ உட்கார்ந்திருக்கிறார் என்றார். அவரை விட்டுவிட்டு இவளை எடுத்துக்கொள்கிறேன் என்று அந்த அம்மாள் சொன்னதற்கு, ஒரே கூரையின் கீழ் வசிக்க வேண்டும் என்றார். தையல்காரர் பெஞ்சிலிருந்து, வீட்டில் இடம் இருக்கிறது என்று குரல் கொடுத்தார். மனைவி திரும்பி அவரைப் பார்த்த பார்வையில் அந்த யோசனை அங்கேயே முடிந்தது.

ஒரே கூரை என்றதும் அவளுக்கு ஹவுஸ் ஓனர் ஞாபகம் வந்தது. அவள் மாடியில், அவர் கீழே. கூரை ஒன்றுதான். மாதத்துக்கு ஒருமுறை வாடகை கொடுக்கும்போது நாலு வார்த்தை பேசுவார்கள், அதில் இரண்டு வார்த்தை தண்ணீரைப் பற்றியது. கேட்பதற்கு அவளுக்கு ஒரு வாரம் ஆயிற்று. அவர் உடனே ஒத்துக்கொண்டார். ஓய்வு பெற்றவர். சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்தார். பேருந்தில், என்ன சொல்ல வேண்டும் என்று இரண்டு முறை கேட்டுத் தெரிந்துகொண்டார்.

உடன் வசிப்பவருக்கென்று தனி அறை. நோயாளி வெளியே இருக்க வேண்டும். கண்ணாடிக் கதவு வழியாக அவர் நீண்ட நேரம் கையை ஆட்டிப் பேசுவது தெரிந்தது. ஒருவர் இத்தனை நேரம் தன்னைப் பற்றிப் பேசுவதை அவள் இதற்கு முன் பார்த்ததில்லை. வெளியே வந்தவரின் முகம் நிறைந்திருந்தது.

"எல்லாம் தெளிவா சொல்லிட்டேம்மா."

"படபடப்பு?"

"அதையும் சொல்லலாம்னுதான் இருந்தேன். எழுதிக்கிறவரு பொதுவா என்ன கவனிச்சீங்கன்னு கேட்டாரு. மோட்டாரைப் போட்டுட்டு நிறுத்த மறந்துடறீங்கன்னு சொன்னேன். தொட்டி நிறைஞ்சு சுவரெல்லாம் ஊறுது பாருங்க, அதை. அவருக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. எந்தச் சுவருன்னுகூடக் கேட்டாரு."

இரண்டு நாளில் பிரிவிலிருந்து செய்தி வந்தது. உடன் வசிப்பவரின் கூற்றுப்படி நோயாளிக்குக் கவனக்குறைவு இன்னும் நீடிப்பதால், மாத்திரையின் அளவை மேலும் கூட்டப் பரிந்துரைக்கப்பட்டு டாக்டரும் கையெழுத்திட்டிருந்தார். புதிய அளவைப் பாதுகாப்பு நாள் விழாவில் வந்து பெற்றுக்கொள்ளவும். தனியாக வசிப்பவர்களில் சிறந்த நோயாளியாக அவள் தேர்வு செய்யப்பட்டிருப்பதையும் அதே செய்தியில் மகிழ்ச்சியுடன் தெரிவித்திருந்தார்கள். தனியாக வசிப்பவருக்கு உடன் வசிப்பவர் எப்படி வந்தார் என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் விருது, ஹவுஸ் ஓனர் இரண்டில் ஒன்றைத்தான் எடுத்துக்கொள்ள விடுவார்கள்.

விழா காலையில். அவள் எப்போதும்போல அன்றைய மாத்திரையை விழுங்கி, ஒரு காபியும் குடித்துவிட்டு வந்தாள். அரங்கில் வைத்துத்தான் முறை தெரிந்தது. அளவு கூட்டப்பட்டவர்கள் புதிய அளவின் முதல் மாத்திரையை மேடையில், எல்லோர் முன்னாலும் விழுங்க வேண்டும். பாதுகாப்பை மக்கள் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு.

அவள் பதிவு மேசைக்காரரைத் தேடிப் போனாள். அவர் அன்று புதுச் சட்டை போட்டு, தண்ணீர் டம்ளர்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"நான் இன்னிக்கு மாத்திரை போட்டுட்டேங்க. இன்னொண்ணு போடக் கூடாது."

"போட்டதை யாராவது பாத்தாங்களா?"

"இல்ல."

"அப்ப இன்னிக்குக் கணக்குல மேடையில போடறதுதாம்மா முதல் மாத்திரை," என்றார். சொல்லிவிட்டு டம்ளரை ஒருமுறை நகர்த்தி வைத்தார். அவருக்கும் அது சரியாகப் படவில்லை என்று தோன்றியது. ஆனால் அதை அவர் எந்த இடத்தில் எழுதுவார்?

பிரிவுத் தலைவர் பேசினார். இந்த வருடத்துப் பேச்சில் புதிய கண்டுபிடிப்பு ஒன்று இருந்தது.

"குடும்பத்தோட வசிக்கிற நோயாளிகள்கிட்ட எவ்வளவு பக்கவிளைவு தெரியுமா? தூக்கம் இல்ல, பசி இல்ல, எரிச்சல், படபடப்பு. தாள் பத்தல. ஆனா தனியா வசிக்கிறவங்ககிட்ட, இத்தனை வருஷத்துல, ஒரே ஒரு பக்கவிளைவுகூடப் பதிவாகல. ஒண்ணுகூட இல்ல. மாத்திரை அதே மாத்திரைதான். அப்ப வித்தியாசம் எங்க இருக்கு? குடும்பத்துல இருக்கு. இந்த மாத்திரையோட மிகப் பெரிய ஆபத்து கூட இருக்கறவங்கதான்னு நமக்குத் தெரியவருது. தயவுசெஞ்சு குடும்பத்தார் கொஞ்சம் தள்ளி இருங்க. அவங்க நல்லா இருக்கட்டும்."

கைதட்டல் வெகுநேரம் நீடித்தது. தையல்காரரின் மனைவி மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அவளை மேடைக்குக் கூப்பிட்டார்கள். ஏறும்போது காதுக்குள் இதயம் அடித்தது. தலைவர் அவள் கையில் ஒரு ஷீல்டைக் கொடுத்தார். அதில் கைகோத்து நிற்கும் மூன்று உருவங்கள் பொறித்திருந்தன. பிறகு வெள்ளித் தட்டில் மாத்திரை வந்தது. பழையதைவிடக் கொஞ்சம் பெரியது, வேறு நிறம். டம்ளரில் தண்ணீர் வந்தது. புகைப்படக்காரர் ஒரு நிமிடம் என்றார்.

அரங்கு முழுவதும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. அவள் வாழ்க்கையில் இத்தனை பேர் ஒரே சமயத்தில் அவளைப் பார்த்ததில்லை. ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் சொல்வது நோயாளியாக இருக்கும். அவள் மாத்திரையை உள்ளங்கையில் வைத்து, கையை வாயருகே கொண்டுபோய், விரல்களை மடக்கிக்கொண்டாள். தண்ணீரை மட்டும் குடித்தாள். எல்லோரும் கைதட்டினார்கள். விழுங்கியதை அத்தனை பேரும் பார்த்தார்கள்.

மேடையிலிருந்து இறங்கியவள் இருக்கைக்குப் போகவில்லை. மாடிப்படியில் இறங்கினாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, தரைத்தளத்துக்கு வந்தாள். இதே கட்டடத்தில்தான் அவசர சிகிச்சைப் பிரிவும் இருந்தது. இத்தனை நாளும் அதன் வாசலைத் தாண்டித்தான் அவள் லிப்ட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

உள்ளே ஒரு டியூட்டி டாக்டர், சின்ன வயதுப் பெண், சளி பிடித்த குரலில் யாரையோ போனில் அதட்டிக்கொண்டிருந்தார். மேசையில் பாதி கடித்த பிஸ்கட் ஒன்று கிடந்தது. அவளைப் பார்த்ததும் போனை வைத்துவிட்டுக் கட்டிலைக் காட்டினார். கூட யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்கவில்லை. ஷீல்டை வாங்கிக் கட்டிலுக்கு அடியில் வைத்தார். துடிப்பு எண்ணும் மெஷினின் வயர் சரியில்லாததால் மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, உதடு அசைய எண்ணினார். அவள் அந்த உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் ஒரு ஸ்ட்ரெச்சர் சத்தத்தோடு போயிற்று. டாக்டர் எண்ணிக்கையை விடவில்லை.

"எவ்ளோ நாளா இப்படி இருக்கு?"

"நான் சொல்லலாமா?"

டாக்டருக்குப் புரியவில்லை. "வேற யாரு சொல்வாங்க?"

அவள் சொன்னாள். வரிசைப்படி, நாள்படி சொன்னாள். அளவைக் கூட்டியது, தலையணை, பசி, சாவி தொலைந்த இரண்டு நாள், மோட்டார், இன்று காலை போட்டது. பிறகு மடக்கிய கையைத் திறந்து காட்டினாள். மாத்திரையின் நிறம் உள்ளங்கையில் ஒட்டியிருந்தது.

"இதையும் போட்டிருந்தீங்கன்னா நாம இப்படி உக்காந்து பேசிட்டிருக்க மாட்டோம்," என்றார் டாக்டர். நாடித் துடிப்பும் ரத்த அழுத்தமும் அவருக்குப் பிடிக்கவில்லை. இதயப் படம் எடுத்தார். காபி எத்தனை குடிக்கிறாள், சளிக்கு ஏதாவது மாத்திரை போடுகிறாளா, வீட்டில் யாருக்காவது சின்ன வயதில் இதயக் கோளாறு இருந்ததா என்று கேட்டார். இவற்றில் ஒன்றைக்கூட மூன்றாவது மாடியில் யாரும் அவளிடம் கேட்டதில்லை.

"இதயம் நல்லாத்தான் இருக்கு. மருந்தும் நல்ல மருந்துதான், உங்களுக்கு உதவுது. அளவுதான் அதிகம். மதியச் சாப்பாட்டுக்குக் காபி குடிச்சா அதுவும் சேந்து துரத்தும். முதல்ல குடுத்த அளவுக்குப் போனாப் போதும்னு நினைக்கிறேன். உங்க டாக்டர்கிட்ட பேசறேன்."

போனில் டாக்டர் கிடைக்கவில்லை, விழாவில் இருந்தார். பிரிவுத் தலைவர்தான் எடுத்தார். பின்னணியில் மைக் கிறீச்சிடுவது கட்டில்வரை கேட்டது. டியூட்டி டாக்டர் விவரத்தைச் சொன்னார். மறுமுனையில் கேள்வி வந்தது.

"நான்தான் சார் கவனிச்சேன்," என்றார் டியூட்டி டாக்டர்.

இன்னொரு கேள்வி வந்தது. அவர் போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு கணம் பார்த்துவிட்டு மறுபடி வைத்துக்கொண்டார்.

"அவங்ககூட வசிக்கிறேனாவா?"

கட்டில்களையும், வராந்தாவில் நின்ற கூட்டத்தையும், தன் பிஸ்கட்டையும் பார்த்தார்.

"சார், நான் வீட்டுக்குப் போய் ரெண்டு நாள் ஆச்சு. இங்கதான் வசிக்கிறேன். அவங்களும் இப்ப இங்கதான் இருக்காங்க. ஆமா சார். ஒரே கூரைதான்."

மறுமுனை திருப்தியடைந்தது. டாக்டரைக் கூப்பிட்டுக் கொடுத்தார்கள். மாத்திரை முதல் அளவுக்கு இறங்கியது. சாயந்திரம்வரை அவளைக் கட்டிலில் வைத்திருந்து, துடிப்பு இறங்கிய பிறகு அனுப்பினார்கள். போகும்போது டியூட்டி டாக்டர் ஒரு பையனின் நெற்றியில் தையல் போட்டுக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. அவள் வாசலில் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு வந்துவிட்டாள்.

அடுத்த மாதம் அவள் பதிவு மேசைக்குப் போனபோது முதலில் கீழே அவசர சிகிச்சைப் பிரிவை எட்டிப் பார்த்தாள். வேறொரு டாக்டர் இருந்தார். முன்பு இருந்தவருக்கு வேறு மருத்துவமனைக்கு மாற்றலாகிவிட்டதாம். எந்த மருத்துவமனை என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை.

மேசைக்காரர் அவளைப் பார்த்ததும் சிரித்தார்.

"உங்ககூட இருக்கற டாக்டரம்மா வரலியா?"

"மாத்தலாயிடுச்சு."

"அடடா. அப்ப மறுபடி தனியாவா?"

அவள் தலையாட்டினாள். அவர் உண்மையிலேயே வருத்தப்பட்டார். பேனா முனையைத் துடைத்துக்கொண்டு, இந்த மாதத்துக் கவனிப்பு என்ற இடத்துக்கு வந்து, நிறுத்தினார். அவள் மேசைக்குக் கொஞ்சம் நெருங்கி நின்றாள். சொல்வதற்கு நிறைய இருந்தது. இதயம் இருக்கும் இடம் தெரியவில்லை. மதியம் பசிக்கிறது. தட்டுகள் சரியாக வருகின்றன. ஒப்பந்தத்தைப் புதுப்பித்துவிட்டார்கள். கண்காணிப்பாளர் அவளுடைய எண்ணை இரண்டாவது ஆளை விட்டுச் சரிபார்ப்பதை நிறுத்திவிட்டார்.

"எனக்கு இப்ப நல்லா இருக்குங்க," என்றாள்.

முன்னேற்றத்தையும் உடன் வசிப்பவர்தான் தெரிவிக்க வேண்டும் என்று அவர் மெதுவாகச் சொன்னார். விதி இரண்டுக்கும் பொது.

"கவனிக்கப்பட்ட மாற்றம் எதுவும் இல்லை" என்று எழுதி, அடிக்கோடு போட்டு, தாளை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். அவள் படித்தாள். அதில் தப்பு எதுவும் இல்லை.

அவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"தெரியுதும்மா. பாத்தாலே தெரியுது, முகம் நல்லா இருக்கு. ஆனா நான் உங்ககூட இல்லியே."

பிறகு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.